ஊர்தியும் கடிவாளமும்: வட்டவளைப் புகையிரதப் பாதை முதற் கைத்தொலைபேசிச் செயலி வரை

தோற்றுவாய்

கட உபநிடதம் உடம்பைத் தேராகவும், ஆன்மாவைத் தேருக்கு உடையவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், பொறிகளைக் குதிரைகளாகவும் உருவகஞ் செய்கின்றது. சமய நோக்கில் இவ்வுருவகத்தின் பொருளைச் சான்றோர் பலர் விரித்துரைத்துள்ளனர். வரலாறு பயில்வோர் அதனிடத்திலே வேறோர் உண்மையையும் காணலாம். ஓர் ஊர்திக்கு உடையவன் வேறு, செலுத்துபவன் வேறு, செலுத்துதற்குரிய கருவி வேறு என்னும் பாகுபாடு பண்டைக் காலத்திலேயே தெளிவாக உணரப்பட்டிருந்தது என்பதே அவ்வுண்மையாகும்.

அக்காலத்தில் இம்மூன்றும் ஒரே தேரில் அமைந்திருந்தன. கடிவாளத்தின் நீளம் சாரதியின் கைக்கும் குதிரையின் வாய்க்கும் இடைப்பட்ட சில முழங்களே. இன்றோ கொழும்பில் அமர்ந்திருக்கும் ஒருவர், தம் கைத்தொலைபேசியிலுள்ள செயலியைத் தொட்டு, வட்டவளையில் நிறுத்தப்பட்டிருக்கும் தம் மோட்டார் வண்டியின் கதவைப் பூட்டவும், பொறியை இயக்கவும், வண்டி எங்கே நிற்கின்றது என்பதை அறியவும் கூடும். அதற்கு மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா செலுத்துதல் வேண்டும். இவ்வாறு கடிவாளம் நீண்ட வரலாற்றையும், நீளுந்தோறும் அது யார் யார் கைகளிற் சென்று சேர்ந்தது என்பதையும் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டவளையும் ஒற்றைப் பாதையும்

தொலைவிலிருந்து ஊர்தியை ஆளுதல் நம் நாட்டிற்கு நேற்று வந்த புதுமையன்று. மலையகத்து மக்கள் நூறாண்டுக்கு மேலாக அதனை நாள்தோறும் கண்டு வந்துள்ளனர். அதனை அறிதற்கு வட்டவளைப் புகையிரத நிலையமே தக்க இடமாகும்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1867 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பேராதனையிலிருந்து பிரிந்த கிளை 1874 இல் நாவலப்பிட்டியை அடைந்தது. பின்னர் அது மலையேறி, 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் சென்று சேர்ந்தது. 1894 இல் பண்டாரவளைக்கும் 1924 இல் பதுளைக்கும் பாதை நீண்டது. கோப்பியையும், கோப்பி அழிந்த பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லுதலே இப்பாதையின் முதன்மையான பயனாயிருந்தது. நாவலப்பிட்டிக்கும் ஹற்றனுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், வட்டவளை அமைந்துள்ளது. இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் அஃதும் ஒன்று. 44 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றமும், மலைச்சரிவை ஒட்டிய கூரிய வளைவுகளும், அடிக்கடி இறங்கும் மூடுபனியும் இப்பகுதியின் இயல்புகள். 1990களின் தொடக்கத்தில் வட்டவளைக்கருகே நிகழ்ந்த மண்சரிவு இருப்புப்பாதையையே இடம்பெயரச் செய்தமை பலர் அறிந்ததாகும்.

இத்தகைய நிலத்திற் பாதையோ ஒற்றைப் பாதை. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒரே தண்டவாளத்தைப் பயன்படுத்தல் வேண்டும். வளைவுக்கு அப்பால் வருவதைச் சாரதி காண இயலாது. பாரமேற்றிய வண்டி இறக்கத்திற் சென்றுகொண்டிருக்கையில் அதனை உடனே நிறுத்துதலும் அரிது. எனவே சாரதியின் கண்ணை மாத்திரம் நம்பி இப்பாதையில் வண்டி செலுத்த முடியாது. அவர் காணாத ஒன்றைத் தொலைவிலிருந்து அறிந்து அவரை ஏவவும் தடுக்கவும் வல்ல ஓர் ஏற்பாடு இன்றியமையாததாயிற்று.

அவ்வேற்பாடு ஒரு பெருந் துன்பத்தின் விளைவாகவே உலகிற் பிறந்தது. நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1874 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நோரிச் நகருக்கருகே தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியை ஊழியர் பிழைபட விளங்கிக்கொண்டமையால், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே விடப்பட்டு மோதின. செய்தியனுப்புதல் மாத்திரம் போதாது, செய்தி தவறினும் வண்டி தவறாதிருத்தற்கு ஒரு பொருட்சான்று வேண்டும் என்பதை அவ்விபத்து உணர்த்தியது. எட்வேட் ரயர் என்பார் 1878 இல் அதற்கென ஒரு மின்கருவியை அமைத்தார். ரப்லற் கருவி எனப்படும் அதுவே மலையகப் பாதையிலும் வழங்கலாயிற்று.

அதன் இயல்பு எளிதானது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் ஒவ்வொன்று வைக்கப்பட்ட இரு கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றினுள்ளே வட்டமான தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைய அதிபர் வண்டியை விட விரும்பினால், மணியொலியால் அடுத்த நிலைய அதிபரிடம் அனுமதி கோருவார். அவர் இசைந்து தம் கருவியை அழுத்தினாலன்றி இவருடைய கருவியிலிருந்து தகடு வெளிவராது. ஒரு தகடு வெளிவந்தபின், அது மீளவும் ஏதேனும் ஒரு கருவியினுள் இடப்படும்வரை, இரு கருவிகளும் பூட்டுண்டு கிடக்கும். தகட்டைத் தோற்பையில் இட்டு, வளையமொன்றிற் கோத்துச் சாரதியிடங் கொடுப்பர். தகடின்றி எந்தச் சாரதியும் அடுத்த பகுதியினுள் நுழைதல் கூடாது. நிலையத்தின் ஊடே மெல்லச் செல்லும் வண்டியிலிருந்து ஒரு வளையத்தை எறிந்து மற்றொன்றைப் பற்றுங் காட்சி மலையகப் பயணிகள் எல்லாருக்கும் பழக்கமானது.

இவ்வேற்பாட்டின் மூன்று சிறப்புக்களை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, ஒருவர் தனித்து ஆணையிட முடியாது. இருவர் இசைவு வேண்டும். இரண்டாவது, ஆணையின் சான்று சாரதியின் கைக்கே வருகின்றது. தம்மை ஆளும் கட்டளை யாதென்பதை அவர் அறிவார். மூன்றாவது, கம்பி அறுந்தாலும் கருவி பழுதுற்றாலும் தகடு வெளிவராது. ஆகவே பழுதின் விளைவு தாமதமேயன்றி மோதலன்று. நீண்ட கடிவாளம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு இஃதோர் அளவுகோலாகும்.

துண்டு

அதே மலையகத்தில், அதே காலத்தில், மற்றொரு கடிவாளமும் இருந்தது. அது வண்டிக்கன்று, மனிதருக்கு இடப்பட்டது. அதனை ஈண்டுக் கூறுதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் பெரும்பாலும் கங்காணிகள் வாயிலாக வந்தனர். வழிச்செலவுக்கும் உணவுக்கும் கொடுக்கப்பட்ட முன்பணம் அவர்கள் தோட்டத்தில் அடிவைக்குமுன்னரே கடனாகிவிடும். அக்கடனோடு வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்புவோருக்குத் துண்டு எனப்படும் சீட்டு வழங்கப்பட்டது. இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவரை விடுவிப்போம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைக் கொடுத்துத் தொழிலாளரை ஏற்பார். கடன் தீர்வதில்லை, இடம் மாறும் அவ்வளவே. கணக்கோ கங்காணியின் ஏட்டிலும் தோட்டத்துக் காரியாலயத்திலும் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளி தன்னைப் பற்றிய கணக்கைத் தானே படித்தறிய இயலாதவனாயிருந்தான்.

இவ்வாறு ஒருவரின் நடமாட்டம், தொலைவிலுள்ள ஓர் ஏட்டினாலும் தீராத கடனினாலும் ஆளப்பட்டது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் தொழிலாளர் உரிமைக்காகக் குரல் எழுப்பிய காலத்தை அடுத்து, 1921 ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ரப்லற் தகடும் துண்டும் உருவத்தாற் சிறியவை, இரண்டும் கைக்குக் கை மாறுபவை, இரண்டும் ஒன்றின் இயக்கத்துக்கு அனுமதியளிப்பவை. ஆயினும் முன்னது உயிரைக் காத்தது. பின்னது உரிமையைப் பறித்தது. தொலைவிலிருந்து ஆளும் எந்தக் கருவியையும் இவ்விரண்டுள் எதனோடு ஒப்பிடத்தக்கது என வினவுதல் பயனுடைத்து.

எட்டாத கட்டளை

நீண்ட கடிவாளமே தீது என்று எவரேனும் கருதின், அவர் 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாளை நினைத்தல் வேண்டும். அன்று கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட கடுகதி வண்டி தென்கரையோரமாகச் சென்றது. ஆழிப்பேரலை பற்றிய செய்தி புகையிரத அதிகாரிகளுக்கு எட்டியதும், கரையோரப் பாதையிற் சென்ற வண்டிகளுள் எட்டினை நிறுத்த அவர்களால் இயன்றது. மாத்தறை வண்டிக்கு மாத்திரம் கட்டளை சென்று சேரவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துக்கு விடுத்த தொலைபேசி அழைப்பு உரிய வேளையில் ஏற்கப்படவில்லை. ஊழியர் அவ்வண்டியின் பணியில் ஈடுபட்டிருந்தனர். வண்டி நிலையத்தை விட்டகன்றபின் சாரதியோடு பேச வழியிருக்கவில்லை. பெரலியவில் அவ்வண்டி அலையில் அகப்பட்டு 1,700 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு நேர்ந்ததில்லை என்பர்.

சாரதியை நேரே எட்டும் ஒரு கட்டளை அன்று இருந்திருப்பின் நிலைமை வேறாயிருத்தல் கூடும். ஆகவே, இயங்கும் ஊர்தி எங்கே செல்கின்றது என்பதைத் தொலைவிலிருந்து அறிதலும், வேண்டுங்கால் அதனை நிறுத்துதலும் பெறுமதியுடைய ஆற்றல்களே. 2016 இல் இந்திய அரசின் உதவியுடன் 88 வண்டிகளைக் கொண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்டுப் பின்னர் நாடு முழுவதும் பரவிய 1990 சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவையும், வண்டிகள் நிற்குமிடங்களை ஒரு நிலையத்திலிருந்து அறிந்து ஏவும் முறையினாலேயே விரைந்து இயங்குகின்றது. வினா, கடிவாளம் வேண்டுமா என்பதன்று. அது யாருடைய கையில், எந்த வரம்புக்குள் இருத்தல் வேண்டும் என்பதே.

வானொலியாற் செலுத்திய வண்டி

கம்பியின்றி ஊர்தியை ஆளுதலின் தொடக்கம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். 1898 இல் நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர் நியூயோர்க் நகரில் மடிசன் சதுக்க மண்டபத்திலே நீர்த்தொட்டியொன்றில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டு, அதனைத் தொடாமல் வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். 1925 இல் அதே நகரின் வீதியில், சாரதியில்லாத மோட்டார் வண்டியொன்று பின்னே வந்த மற்றொரு வண்டியிலிருந்து வானொலியால் ஏவப்பட்டுச் சென்றது. 1970 நவம்பரில் சோவியத் நாட்டின் லூனகோட் என்னும் ஊர்தி சந்திரனில் இறங்கி, பூமியிலிருந்தோர் இட்ட கட்டளைப்படி நகர்ந்தது. தூரம் இனித் தடையன்று என்பதற்கு அஃதே போதிய சான்று.

ஆயினும் பொதுமக்களின் மோட்டார் வண்டிக்கு இவ்வாற்றல் வருதற்கு மூன்று துணைகள் தேவைப்பட்டன. முதலாவது, வண்டியின் உறுப்புக்கள் மின்கட்டளைக்கு அடங்குதல். 1982 இல் வெளிவந்த ரெனோ பியூகோ வண்டியின் கதவைச் சிறு கருவியால் எட்ட நின்றே பூட்டக்கூடியதாயிருந்தது. 1986 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தார் வண்டியினுள்ளேயுள்ள மின்னணு உறுப்புக்கள் ஒரே இணைப்பின் வழியே தம்முட் செய்தி பரிமாறும் முறையொன்றை வெளியிட்டனர். இரண்டாவது, வண்டி தன் இருப்பிடத்தைத் தானே அறிதல். அமெரிக்கச் செய்மதிகளாலாகிய இடங்காண் அமைப்பு 1995 இல் முழுமை பெற்றது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வேண்டுமென்றே இடப்பட்டிருந்த பிழை நீக்கப்பட்டமையால், இருப்பிடத்தைச் சில மீட்டருக்குள் அறிய முடிந்தது. மூன்றாவது, வண்டிக்கும் உலகத்துக்கும் இடையறாத தொடர்பு. இதனைக் கைத்தொலைபேசி வலையமைப்பு அளித்தது.

இம்மூன்றையும் ஒருங்கிணைத்து, 1996 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஒன்ஸ்டார் என்னும் சேவையைத் தொடங்கியது. விபத்தில் வண்டியின் காற்றுப்பை விரிந்தவுடன் சேவை நிலையத்துக்கு அறிவிப்புச் செல்லும். அங்குள்ள ஊழியர் உதவி அனுப்புவர். திறப்பை உள்ளே விட்டுக் கதவடைத்தவருக்குத் தொலைவிலிருந்தே திறந்துவிடுவர். இதற்குச் சந்தா உண்டு. ஆகவே சந்தாவும் தொலைவாட்சியும் பிறக்கும்போதே உடன்பிறந்தவை எனலாம்.

கைத்தொலைபேசியிற் கடிவாளம்

2007 இன் பின்னர்த் தொடுதிரைக் கைத்தொலைபேசி பரவியது. 2010 அளவில் மோட்டார் நிறுவனங்கள் தம் சேவைகளைச் செயலி வடிவில் வெளியிடத் தொடங்கின. இடையிலிருந்த ஊழியர் நீங்கினார். உடையவரின் விரலே கட்டளையிடலாயிற்று.

தமிழ்நாடும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. சென்னைக்கு மேற்கே திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலுள்ள ஹியுண்டாய்த் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட வெனியூ என்னும் வண்டி 2019 மே மாதத்தில் புளூலிங்க் என்னும் சேவையோடு வெளிவந்தது. தொலைபேசி இணைப்பு வண்டியினுள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. முதல் மூன்றாண்டுகள் கட்டணமின்றியும், அதன் பின்னர்ச் சந்தாவின் பேரிலும் சேவை வழங்கப்படும் என்பது ஏற்பாடு. அதே 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இந்திய அரசு, புதிதாகப் பதிவு செய்யப்படும் பொதுப் பயணிகள் ஊர்திகளுக்கு இடங்காண் கருவியையும் ஆபத்துப் பொத்தானையும் கட்டாயமாக்கியது.

செயலியைத் தொட்டவுடன் நிகழ்வது யாது என்பதைப் பலர் அறியார். கைத்தொலைபேசி வண்டியோடு நேரே பேசுவதில்லை. கட்டளை முதலில் இணையத்தின் வழியே நிறுவனத்தின் சேவையகத்துக்குச் செல்கின்றது. அச்சேவையகம் மூன்றினை நோக்கும்: கேட்பவர் உரியவரா, வண்டி அவருடைய கணக்கிற் பதியப்பட்டுள்ளதா, சந்தா செலுத்தப்பட்டுள்ளதா. மூன்றும் பொருந்தினால், உறங்கிக் கிடக்கும் வண்டியின் தொடர்புக் கருவியைச் சிறு செய்தியொன்றால் எழுப்பி, கட்டளையை அனுப்பும். அக்கருவி வண்டியின் உட்பிணைப்பு வழியே பூட்டுக்கோ பொறிக்கோ ஆணையிடும். செய்தபின் விடை அதே வழியே மீளும். ரப்லற் முறையில் அடுத்த நிலைய அதிபர் இருந்த இடத்தில் இன்று சேவையகம் அமர்ந்துள்ளது. ஆயின் அந்நிலைய அதிபர் வினவிய வினா, பாதை வெறுமையாக உள்ளதா என்பது. சேவையகம் வினவுவதோ, பணம் செலுத்தப்பட்டதா என்பதையுஞ் சேர்த்தாகும். இவ்வேறுபாடு சிறிதன்று.

சந்தாவின் இயல்பு

பொருளை விலைக்கு வாங்கினால் அது நம்முடையது என்பது நெடுங்கால வழக்கு. சந்தாவோ செய்தித்தாளுக்கும் சங்கத்துக்கும் உரியதாயிருந்தது. வண்டியினுட் சந்தா புகுந்தபோது, விற்கப்பட்ட பொருளின் ஒரு பகுதி விற்றவரிடமே தங்கிவிட்டது.

அதன் விளைவுகளுக்கு அண்மைக் காலத்திற் சான்றுகள் பல. 2021 திசெம்பரில், அமெரிக்காவில் விற்கப்பட்ட சில ரொயோட்டா வண்டிகளிற் கைத்திறப்பைக் கொண்டு எட்ட நின்று பொறியை இயக்கும் வசதி, சேவைக்காலம் முடிந்தபின் சந்தாவின்றி இயங்காது என்பது வெளிப்பட்டது. 2022 இல் பீ.எம்.டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில், வண்டியில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட இருக்கைச் சூடாக்கியை மாதச் சந்தாவுக்கு விட்டது. மக்கள் வெறுப்பினால் 2023 இல் அம்முயற்சியைக் கைவிட்டது. 2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் மூன்றாந் தலைமுறைத் தொலைபேசி வலையமைப்பை நிறுத்தியபோது, அதனை நம்பியிருந்த பழைய வண்டிகள் பலவற்றின் தொலைவுச் சேவைகள் அற்றுப்போயின. 2024 ஜூன் மாதத்தில் பிஸ்கர் என்னும் மின்வண்டி நிறுவனம் வங்குரோத்தாகியபோது, அதன் சேவையகங்களை நம்பியிருந்த வண்டிகளின் கதி யாதென உடையவர்கள் கலங்கினர்.

குதிரை இறந்தால் தேர் நிற்கும் என்பது முன்னோர் அறிந்தது. குதிரை உயிரோடிருக்க, தொலைவிலுள்ள இலாயக்காரர் கடையை மூடியதால் தேர் குறைவுபடுதல் இக்காலத்துக்கே உரியது.

கடிவாளம் பிறர் கைப்படுதல்

நீண்ட கடிவாளத்தை இடைவழியிற் பிறரும் பற்றலாம். 2015 ஜனவரியில், பீ.எம்.டபிள்யூ குழுமத்தின் 22 இலட்சம் வண்டிகளின் கதவுகளை அயலார் தொலைவிலிருந்து திறக்க இடமளிக்கும் குறையொன்று வெளிப்பட்டது. நிறுவனம் அக்குறையைத் தொலைவிலிருந்தே திருத்தியது. நோயும் மருந்தும் ஒரே வழியே சென்றன. அதே ஆண்டு ஜூலையில் சாளி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியொன்றைப் பல மைல்களுக்கு அப்பாலிருந்து வலுவிழக்கச் செய்து காட்டினர். அதன் பயனாக 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. 2016 இல், நம் நாட்டு வீதிகளிலும் காணப்படும் நிசான் லீப் மின்வண்டியின் செயலி, வண்டியின் அடையாள எண்ணை அறிந்த எவரும் அதன் குளிரூட்டியை இயக்க இடமளித்தது கண்டறியப்பட்டது. சேவை சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

களவாடுவோரைத் தடுக்கவும் இவ்வாற்றல் உதவியதுண்டு. 2022 இல் உக்ரேனின் மெலிற்றோப்போல் நகரிலிருந்து கவர்ந்து செல்லப்பட்ட 27 விவசாய இயந்திரங்கள், பல நூறு மைல் கொண்டுசெல்லப்பட்ட பின்னரும், தொலைவிலிருந்து முடக்கப்பட்டமையால் இயங்கவில்லை. இதனைக் கேட்டோர் மகிழ்ந்தனர். அதேவேளை, கள்வருக்கு எதிராக முடக்க வல்லவர் உழவருக்கு எதிராகவும் முடக்க வல்லவரன்றோ என்னும் ஐயமும் எழுந்தது.

கடன் கொடுத்தோர் கையிற் கடிவாளம் சென்றமை இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்காவில் வறியவர்க்குக் கடனில் வண்டி விற்போர், தவணை தவறினால் பொறி இயங்காதவாறு செய்யும் கருவியைப் பொருத்தி விற்றனர். 2014 இல் அத்தகைய வண்டிகள் ஏறத்தாழ 20 இலட்சம் என நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. கடுங்காய்ச்சலுற்ற மகளை மருத்துவரிடங் கொண்டுசெல்ல முயன்ற தாயொருத்தியின் வண்டி தவணை நிலுவையால் இயங்க மறுத்தமையையும் அவ்விதழ் விவரித்தது. 2010 இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், வேலை நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர் விற்பனை நிலையத்தின் கணக்கினுட் புகுந்து 100 இற்கு மேற்பட்ட வண்டிகளை முடக்கினார். அவற்றின் உடையவர்களோ தவணை தவறாதவர்கள்.

இங்கேதான் துண்டு நினைவுக்கு வருகின்றது. தொலைவிலுள்ள ஓர் ஏட்டிற் கடன் எழுதப்பட்டிருக்கின்றது. அக்கடன் தீரும்வரை இயக்கத்துக்கு அனுமதி பிறர் கையில். ஏடு மாறிற்று, ஏட்டை எழுதுபவரும் மாறினார், அமைப்பு மாறவில்லை.

காவலும் வேவும்

ஆளுதலோடு பார்த்தலும் உடன் வருகின்றது. வண்டி எங்கே சென்றது, எத்துணை வேகமாகச் சென்றது, எப்போது திடீரென நிறுத்தப்பட்டது என்பன யாவும் பதிவாகின்றன. 2023 செப்ரெம்பரில் மொஸில்லா மன்றம் 25 மோட்டார் நிறுவனங்களின் தகவற் காப்பை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றேனும் தேறவில்லை என அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், யப்பானில் ஏறத்தாழ 21 இலட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளரின் வண்டித் தகவல்கள் பத்தாண்டுக் காலம் காப்பின்றித் திறந்து கிடந்தன என்பதை ரொயோட்டா ஒப்புக்கொண்டது. 2024 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் சாரதிகளின் பழக்கவழக்கத் தகவல்களைப் பிறருக்கு அளித்தமையும், அவை காப்புறுதி நிறுவனங்களைச் சென்றடைந்தமையும் வெளிப்பட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், அத்தகவல்களை ஐந்தாண்டுக்கு அத்தகைய முகவர்களுக்கு வழங்கலாகாது என்னும் உத்தரவை முன்மொழிந்தது.

வீட்டினுள்ளும் இவ்வினா எழுகின்றது. கணவன் பெயரிற் பதியப்பட்ட செயலி, பிரிந்து வாழும் மனைவி செல்லுமிடமெல்லாம் அவனுக்கு அறிவிக்கும். இக்கொடுமையை உணர்ந்த கலிபோர்னியா மாநிலம், துன்புறுத்தப்பட்டவர் கோரினால் மற்றவரின் தொலைவுத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும் என 2024 இற் சட்டமியற்றியது. பிள்ளையின் நலங்கருதும் தாய்க்குக் காவலாயிருப்பது வேறொரு வீட்டில் வேவாகின்றது. வேறுபாடு கருவியில் இல்லை; பார்க்கப்படுபவர் அதனை அறிந்து இசைந்தாரா என்பதிலேயே உள்ளது.

சட்டமும் நாமும்

உலக நாடுகள் வாளாவிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய வகை வண்டிகளில் விபத்தைத் தானே அறிவிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. அக்கருவி விபத்து நேரும்வரை வண்டியின் செலவைப் பின்தொடராது உறங்கியிருத்தல் வேண்டும் என்பதும் விதி. அதற்குச் சந்தாவும் இல்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் வண்டிகளின் இணையக் காப்புக்கென வகுக்கப்பட்ட 155 ஆம் ஒழுங்குவிதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பாராளுமன்றம் 2022 இல் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரைப் பற்றிய தகவல் அவருக்குரியது என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டநூலில் இடம்பெற்றுவிட்டது.

2020 முதல் 2025 இன் தொடக்கம் வரை இலங்கைக்குத் தனியார் மோட்டார் வண்டி இறக்குமதி தடைப்பட்டிருந்தது. அத்தடை நீங்கியபின் செயலியோடு இணைந்த புதிய வண்டிகள் நம் வீதிகளுக்கு வருகின்றன. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் வழியே நுவரெலியா செல்லும் நெடுஞ்சாலையிலும் அவை ஏறி இறங்கும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கடனுக்கு முச்சக்கர வண்டி வாங்கிப் பிழைக்கின்றனர். கடனுக்கு வாங்கும் ஊர்தியில் எத்தகைய கருவி பொருத்தப்பட்டுள்ளது, அதனை இயக்குபவர் யார், எந்த அறிவித்தலின் பின் இயக்குவர் என்பவற்றை ஒப்பந்தத்திற் படித்தறிதல் அவர்க்கு இன்றியமையாதது. எழுத்தறிவு பெற்ற தலைமுறைக்கு இஃது இயலும். துண்டு பெற்ற தலைமுறைக்கு இயலாதிருந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், வட்டவளைப் பாதையின் ரப்லற் முறை காட்டிய மூன்று சிறப்புக்களையே இக்காலத்துக் கருவிகளிடத்தும் நாம் எதிர்பார்த்தல் தகும் என்பது பெறப்படும். ஒருவர் தனித்து ஆணையிடலாகாது; ஊர்தியை முடக்கும் அதிகாரத்துக்கு மற்றொருவர் இசைவு வேண்டும். ஆணையின் சான்று சாரதியின் கைக்கு வருதல் வேண்டும். தம் வண்டியை யார் பார்க்கின்றார், யார் ஆளுகின்றார் என்பதை அவர் அறிதல் வேண்டும். இணைப்பு அற்றாலும் நிறுவனம் அழிந்தாலும் சந்தா முடிந்தாலும் விளைவு சிறு குறைவாக முடிய வேண்டுமேயன்றி, வாங்கிய பொருளே பயனற்றுப் போதல் கூடாது.

ஒரு தகட்டைக் கையிற் பெறாமல் மூடுபனியினுள் வண்டியைச் செலுத்த மறுத்த சாரதிகள், தம்மை ஆளும் கட்டளையைக் கண்ணாற் கண்டு கையாற் பற்றிய பின்னரே அதற்கு அடங்கினர். அவ்வடக்கத்தில் அச்சமில்லை, அறிவே உண்டு. இயந்திரவியல் பயின்று இத்தகைய கருவிகளை அமைக்கவும், சட்டம் பயின்று அவற்றுக்கு வரம்பிடவும் செல்லும் நம் மாணவர்கள் அதனைத் தம் தொழிலின் அளவுகோலாகக் கொள்வாராக.